ரெண்டு தடவ டிஸபிலிட்டி டினை ஆயிடுச்சு, விட்டுட்டு புதுசா அப்ளை பண்ணலாமா அக்கா?

வாசகி கேள்வி (நீளமான லெட்டர், சுருக்கிப் போட்டிருக்கு): வணக்கம் அக்கா, நாங்க டெக்ஸஸ்ல டல்லஸ் பக்கம் இருக்கோம். என் வீட்டுக்காரருக்கு 47 வயசு, இங்க வந்ததுலேர்ந்து சாஃப்ட்வேர் டெஸ்டிங்லதான் இருந்தார், கடைசில லீடா இருந்தார். கிரீன் கார்டு இருக்கு. 2021ல மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் (எம்எஸ்), மூளை நரம்ப பாதிக்கிற நோய்னு சொன்னாங்க. 2024 ஜூன் நடுவுல வேலைய விட வேண்டியதாயிடுச்சு. 2025 பிப்ரவரில சோஷியல் செக்யூரிட்டி டிஸபிலிட்டிக்கு அப்ளை பண்ணோம், டினை. திரும்ப பாக்கச் சொல்லி ரீகன்சிடரேஷன் போட்டோம், மூணு வாரம் முன்னாடி அதுவும் டினைனு லெட்டர் வந்துடுச்சு. பழைய வேலை பண்ண முடியாதுனு ஒத்துக்கிட்டு, ஆனா வேற லேசான வேலை பண்ணலாம்னு எழுதிருக்காங்க. தெரிஞ்சவர் ஒருத்தர் இத விட்டுட்டு புதுசா அப்ளை பண்ணுங்கறார். இவருக்கோ ஜட்ஜ் முன்னாடி போக மனசே இல்ல, பிச்சை கேக்குற மாதிரி இருக்குங்கறார். சிட்டிசன்ஷிப்புக்கு ஏதும் பாதிப்பு வருமா? லாயர் வெக்கணுமா? ஆபீஸ் இன்சூரன்ஸ் லாங் டெர்ம் டிஸபிலிட்டி பணம் மாசாமாசம் வருது, அதுவும் நின்னுடுமோனு பயமா இருக்கு. ரெண்டு பசங்க, 13 வயசு, 9 வயசு.

பதில்:

வணக்கம்மா. முதல்ல அவசரமான விஷயத்த சொல்லிடுறேன், மத்ததெல்லாம் அப்புறம் நிதானமா படிங்க. புதுசா அப்ளை பண்ணாதீங்க, அப்பீல் பண்ணுங்க. அந்த ரீகன்சிடரேஷன் லெட்டர் கைக்கு வந்ததுலேர்ந்து 60 நாள்தான் டைம், லெட்டர்ல போட்டிருக்குற தேதிலேர்ந்து அஞ்சு நாள்ல கைக்கு வந்துடுச்சுனு அவங்களே கணக்கு வெச்சுப்பாங்க, அதனால தேதிலேர்ந்து 65 நாள்னு வெச்சுக்கோங்க. மூணு வாரம் போயிடுச்சு. நீங்க போட வேண்டியது ஜட்ஜ் ஹியரிங் வேணும்னு கேக்குற ரிக்வெஸ்ட், ஃபாரம் பேர் எச்ஏ-501, சோஷியல் செக்யூரிட்டி வெப்சைட்லயே போட்டுடலாம், கூடவே எஸ்எஸ்ஏ-3441னு ஒரு ரிப்போர்ட்டும், டாக்டர்கிட்ட ரெக்கார்டு வாங்குறதுக்கு சம்மதம் குடுக்குற எஸ்எஸ்ஏ-827ம் கேப்பாங்க. லாயர் கிடைக்கட்டும், ரெக்கார்டு எல்லாம் சேரட்டும்னு காத்திருக்க வேணாம். இந்த வாரமே ரிக்வெஸ்ட போட்டுடுங்க, சாட்சியம் எல்லாம் அப்புறம் சேக்கலாம்.

ஏன் புதுசா வேணாங்கறேன்னா, உங்க கணக்கையே எடுத்துப்போம். அவர் ஜூன் 2024ல நிறுத்தினார். முழுசா அஞ்சு மாசம் வெயிட்டிங் பீரியட், ஜூலைலேர்ந்து நவம்பர் வரைக்கும், அதுக்குப் பணம் கிடையாது, ஆக டிசம்பர் 2024லேர்ந்து பெனிஃபிட் ஆரம்பிக்கணும். அந்த மாசத்துலேர்ந்து 24 மாசம் கழிச்சுதான் மெடிகேர்ங்கற அரசாங்க ஹெல்த் இன்சூரன்ஸ், அதாவது டிசம்பர் 2026. இந்த கேஸ்ல ஜெயிச்சா இந்த தேதியெல்லாம் அப்படியே நிக்கும், ஹியரிங் வர எவ்வளவு லேட்டானாலும் அந்த பழைய தேதிலேர்ந்து கணக்கு போட்டு குடுப்பாங்க. இப்போ இத விட்டுட்டு புதுசா போட்டீங்கன்னா, முதல் விஷயம், புது அப்ளிகேஷன் தேதிலேர்ந்து அதிகபட்சம் 12 மாசம்தான் பின்னாடி போக முடியும். ரெண்டாவது, அதவிட மோசம், நீங்க அப்பீல் பண்ணாம விட்ட முடிவு ஃபைனல் ஆயிடும், அந்த தேதி வரைக்கும் அவர் டிஸேபிள்டு இல்லனு முடிவு பண்ணியாச்சு, திரும்ப அத கிளற முடியாதுனு சொல்ல அவங்களுக்கு வழி இருக்கு. இத்தன மாசப் பணமும், மெடிகேர் தேதியும், பசங்களுக்கு இதுல வர்ற பங்கும் போயிடும். அதுவும் போய் யாருகிட்ட போகும்? திரும்பவும் இதே டெக்ஸஸ் ஸ்டேட் ஆபீஸ், இதே முதல் படி, இதே மாதிரி பேப்பர பாத்து முடிவு பண்ற ஆளுங்க. உங்க வீட்டுக்காரர் முகத்த பாத்து, அவர் பேசுறத கேட்டு, கேள்வி கேட்டு முடிவு பண்ற முதல் ஆள் ஜட்ஜ்தான். ரெண்டு டினையலத் தாண்டி அந்த வாசல் வரைக்கும் வந்துட்டு திரும்பிப் போகச் சொல்றது நல்ல யோசனை இல்லம்மா, சொன்னவர் நல்லெண்ணத்துலதான் சொல்லிருப்பார், ஆனா வேணாம்.

அடுத்தது அந்த பிச்சை விஷயம். இத நான் நெறைய தமிழ் வீடுகள்ல கேக்குறேன், கேக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமா இருக்கு. அவரோட பழைய பே ஸ்டப்ப எடுத்து காட்டுங்க. சோஷியல் செக்யூரிட்டினு 6.2 பர்சன்ட் பிடிச்சிருப்பாங்க, அதுல 0.9 பர்சன்ட் டிஸபிலிட்டிக்குனே இருக்குற தனி நிதிக்குப் போகுது, கம்பெனியும் அதே அளவு போட்டுச்சு. எச்1பில இருந்த வருஷம் எல்லாம் சேத்து, ஒரு மாசம் விடாம பிரீமியம் கட்டிருக்கார். 1956லேர்ந்து இருக்குற இன்சூரன்ஸ் இது. கார் இடிச்சா கிளெய்ம் பண்றதுக்கு யாரும் கூச்சப்படுறதில்ல. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் சோஷியல் செக்யூரிட்டி ஒப்பந்தம் வேற கிடையாது, இங்க கட்டினத அங்க கணக்குல சேக்க முடியாது, அதனால இங்க கட்டினதோட பலன் இங்கதான் கிடைக்கணும்.

சிட்டிசன்ஷிப் கவலையும் விட்டுடுங்க. எஸ்எஸ்டிஐ, அதாவது நீங்க அப்ளை பண்ண சோஷியல் செக்யூரிட்டி டிஸபிலிட்டி, அவர் உழைச்சு கட்டின இன்சூரன்ஸ், வருமானம் கம்மியா இருக்குறவங்களுக்கு குடுக்குற எஸ்எஸ்ஐ வேற, ரெண்டோட பேரும் ஒரே மாதிரி இருக்குறதால நம்மாளுங்க போட்டு கொழப்பிக்கிறாங்க. பப்ளிக் சார்ஜ், அதாவது அரசாங்கத்துக்கு பாரமா ஆயிடுவார்னு பயமுறுத்துறது கிரீன் கார்டு குடுக்கும்போது பாக்குற விஷயம், அவர் ஏற்கனவே கிரீன் கார்டு ஹோல்டர், நேச்சுரலைசேஷனுக்கு அந்த சோதனையே கிடையாது. ஒண்ணு மட்டும் கவனம், சிட்டிசன் ஆகாதவங்க அமெரிக்காவுக்கு வெளிய தொடர்ந்து ஆறு மாசத்துக்கு மேல தங்கினா பணம் நிக்கிறதுக்கு விதி இருக்கு, ஊருக்குப் போய் அம்மா அப்பாவோட கொஞ்ச நாள் இருக்கலாம்னு யோசிச்சீங்கன்னா டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி அத கேட்டுக்கோங்க.

இப்போ முக்கியமான எடத்துக்கு வர்றேன். உங்க லெட்டர்ல நீங்க அவரப் பத்தி எழுதின ஒரு வரி கூட அவரோட பைல்ல இருக்குமானு எனக்கு சந்தேகமா இருக்கு. மத்தியானம் ஒரு மணிக்கு மேல அவரால ஒரு மெயில முழுசா படிக்க முடியல, டல்லஸ் வெயில்ல கார்லேர்ந்து வீட்டுக்குள்ள வர்றதுக்குள்ள கால் பின்னுது, அடுப்ப ரெண்டு தடவ அணைக்காம விட்டுட்டாருனு எனக்கு எழுதிருக்கீங்க. இத நியூராலஜிஸ்ட்கிட்ட சொன்னாரா? நம்மாளுங்க டாக்டர் ரூம்ல என்ன பண்றாங்கன்னு எனக்கு தெரியும், ஹவ் ஆர் யூன்னா டூயிங் குட் டாக்டர்னுதான் வரும், வீட்டு கஷ்டத்த வெளிய சொல்லக்கூடாதுனு வளத்த வளப்பு, டாக்டர் நேரத்த வீணடிக்கக்கூடாதுங்கற மரியாதை. டாக்டர் அத அப்படியே டைப் பண்ணிடுவார், ஸ்டேபிள், டாலரேட்டிங் ட்ரீட்மென்ட் வெல், நோ நியூ கம்ப்ளெய்ன்ட்ஸ்னு. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ மருந்து ஏத்திக்கப் போற இன்ஃப்யூஷனுக்கும் அதே வரி. அந்த வரிகள மட்டும் படிச்ச ஸ்டேட் டாக்டர் (ஸ்டேட் ஆபீஸ்ல பைல பாக்குற டாக்டர்), இவர் எட்டு மணி நேரத்துல ஆறு மணி நேரம் உக்காந்து வேலை பாப்பார், பத்து பவுண்டு தூக்குவார்னு டிக் அடிச்சுட்டார். உங்க டினையல் அங்கதான் பொறந்துச்சு. அவர் பொய் சொல்லல, அவருக்கு கெடைச்ச பேப்பர்ல அதுதான் இருந்துச்சு.

அதனால முதல் வேலை, பைலோட காப்பிய வாங்குங்க. நீங்களே கேட்டு வாங்கலாம், ரெப்ரசென்டேடிவ், அதாவது உங்க சார்பா கேஸ் நடத்துறவர் ஒருத்தர வெச்சா அவர் ஆன்லைன்லயே பாப்பார். அதுல டிஸபிலிட்டி டிடர்மினேஷன் எக்ஸ்பிளனேஷன்னு ஒண்ணு இருக்கும், முதல் தடவைக்கு ஒண்ணு, ரீகன்சிடரேஷனுக்கு ஒண்ணு. எந்த டாக்டர் ரெக்கார்டு வந்துச்சு, எது வரவே இல்ல, ஸ்டேட் டாக்டர் அவரால என்ன முடியும்னு எழுதினார்னு எல்லாம் அதுல இருக்கும். அத படிக்காம ஹியரிங் போறது எனக்கு சுத்தமா பிடிக்காத விஷயம், ஆனா நெறைய பேர் அப்படித்தான் போறாங்க.

இந்த கேஸ் எதுல முடிவாகும்னு புரிஞ்சுக்கோங்க. அஞ்சு கேள்வி வரிசையா கேப்பாங்க, இப்போ பெருசா சம்பாதிக்கிறாரா (2025ல மாசம் 1,620 டாலர்தான் கோடு, வருஷாவருஷம் மாறும்), நோய் தீவிரமானதா, அவங்க லிஸ்ட்ல இருக்குற அளவுக்கு இருக்கா, பழைய வேலை பண்ண முடியுமா, வேற ஏதாவது வேலை பண்ண முடியுமா. முதல் ரெண்டுல உங்களுக்கு பிரச்சனை இல்ல, நாலாவதையும் அவங்களே ஒத்துக்கிட்டாங்க. மிச்சம் மூணாவதும் அஞ்சாவதும். மூணாவதுல எம்எஸ்ஸுக்குனே 11.09னு ஒரு லிஸ்டிங் இருக்கு, கை கால்ல ஏதாவது ரெண்டுல கட்டுப்பாடு ரொம்ப போயிருக்கணும், இல்லன்னா உடம்பு அளவுல கடுமையான குறைபாடும் அதோட சேந்து ஞாபகம், மத்தவங்களோட பழகுறது, கவனத்தையும் வேகத்தையும் தக்க வெச்சுக்குறது, தன்ன சமாளிச்சுக்குறது, இந்த நாலுல ஒண்ணுல கடுமையான குறைபாடும் இருக்கணும். அந்த ரெண்டாவது வழி உங்களுக்கு திறந்திருக்குனு எனக்கு தோணுது, ஆனா அதுக்கு அளந்து பாத்த பேப்பர் வேணும். நியூரோசைக்காலஜி டெஸ்டிங் பண்ணிருக்காரா? பண்ணலன்னா நியூராலஜிஸ்ட்கிட்ட ரெஃபரல் கேளுங்க. பல மணி நேரம் உக்கார வெச்சு ஞாபகம், வேகம், கவனம் எல்லாம் சோதிப்பாங்க. மூளை மங்கலா இருக்குனு வாயால சொல்றதுக்கும், அந்த ரிப்போர்ட்ல இருக்குற நம்பருக்கும் ஜட்ஜ் குடுக்குற மதிப்பு வேற வேற.

அஞ்சாவது படிதான் பெரும்பாலான கேஸ் ஜெயிக்கிற தோக்குற எடம். 50 வயசுக்கு மேலன்னா வயசு, படிப்பு, பழைய வேலைத் திறமை எல்லாம் வெச்சு ஒரு டேபிள் கொஞ்சம் கை குடுக்கும், 55க்கு மேல இன்னும் குடுக்கும், ஆனா 47 வயசுல அந்த உதவி கிடையாது. உக்காந்து பாக்குற சுலபமான வேலை கூட முழு நேரம், வாரம் அஞ்சு நாள், தொடர்ந்து பாக்க முடியாதுனு காட்டணும். ஹியரிங்ல வொக்கேஷனல் எக்ஸ்பர்ட்னு ஒருத்தர் போன்ல இல்ல வீடியோல இருப்பார், ஜட்ஜ் அவர்கிட்ட, இப்படி ஒரு ஆள், இன்ன இன்ன முடியாது, அவருக்கு நாட்டுல வேலை இருக்கானு கேப்பார். அவர் டாக்குமெண்ட் ஸ்கேன் பண்ண ரெடி பண்றது, சின்ன பொருள் அசெம்பிள் பண்றதுனு மூணு வேலை பேர் சொல்வார். 1991க்கு அப்புறம் புதுப்பிக்காத ஒரு வேலை அகராதிய வெச்சுதான் இன்னும் பெரும்பாலும் சொல்றாங்க. அப்போ நம்ம பக்கம் கேக்க வேண்டிய கேள்வி ரெண்டுதான், இந்த ஆளுக்கு நாள்ல இவ்வளவு நேரம் வேலைல கவனம் இருக்காதுன்னா? மாசத்துல இத்தன நாள் வரவே முடியாதுன்னா? பொதுவா பதினஞ்சு பர்சன்ட் நேரம் கவனம் போச்சுன்னாலோ, மாசம் ரெண்டு நாளுக்கு மேல லீவுன்னாலோ, வேலை இல்லனுதான் எக்ஸ்பர்ட்டே சொல்வார். உங்க கேஸோட உயிர் அந்த ரெண்டு நம்பர்ல இருக்கு. அவர் எவ்வளவு நேரம் படுக்குறார், எத்தன நாள் எழுந்திரிக்கவே முடியல, அதுக்கு ஆதாரம் என்ன, அவ்வளவுதான்.

ஆதாரத்த எங்கேர்ந்து கொண்டு வர்றது? நியூராலஜிஸ்ட்கிட்ட, என் பேஷன்ட் டிஸேபிள்டுனு ஒரு லெட்டர் வாங்கிடாதீங்க. மார்ச் 27, 2017லேர்ந்து போட்ட கேஸ்ல அந்த மாதிரி ஒரு வரி முடிவுக்கு மதிப்பே குடுக்குறதில்ல, ஜட்ஜ் அத அலசணும்னு கூட அவசியம் இல்ல. டாக்டர் சொல்றது அவரோட சொந்த நோட்ஸோட ஒத்துப்போகுதா, மத்த ரெக்கார்டோட ஒத்துப்போகுதானுதான் பாப்பாங்க. அதனால கேக்க வேண்டியது செயல் அளவுல, ஒரே மூச்சுல எவ்வளவு நேரம் உக்காரலாம், நிக்கலாம், நாள்ல எத்தன தடவ படுக்கணும், கை விரல் எவ்வளவு நேரம் டைப் பண்ணும், சூடு பட்டா என்ன ஆகும், மாசத்துல எத்தன நாள் வேலைக்கு வர முடியாது, ஏன், எந்த எம்ஆர்ஐ எந்த பரிசோதனைய வெச்சு சொல்றார். இதுக்குனு ஃபாரம் இருக்கு, எம்எஸ்ஸுக்கு தனியாவும் கெடைக்கும், ரெப்ரசென்டேடிவ் குடுப்பார். டாக்டர் பிஸின்னு சொன்னா அங்க இருக்குற நர்ஸ் ப்ராக்டிஷனர் பூர்த்தி பண்ணி குடுத்தாலும் போதும், அவங்களும் இப்போ கணக்குல வர்றவங்கதான்.

இன்னொரு ஆதாரம் இருக்கு, ஐடில இருந்தவங்க யாரும் அத நினைக்கிறதே இல்ல. கடைசி மூணு வருஷ அப்ரைசல். முன்னாடி நல்ல ரேட்டிங் வாங்கின ஆள் 2023ல கீழ எறங்கி, பெர்ஃபார்மன்ஸ் இம்ப்ரூவ்மென்ட் பிளான்ல போட்டாங்கன்னா, அவருக்கு அது அவமானமா இருக்கலாம், எனக்கு அது தங்கம். உடம்பு முடியாத ஆள் எவ்வளவு நாள் இழுத்துப் பிடிச்சு வேலை பாத்தார், எப்படி தோத்தார்னு கம்பெனியே எழுதிக் குடுத்த பேப்பர் அது. லீவு ரெக்கார்டு, எஃப்எம்எல்ஏங்கற மெடிக்கல் லீவு சட்டத்துல லீவு எடுத்த பேப்பர், வீட்லேர்ந்து வேலை பாக்க கேட்டு எச்ஆருக்கு அனுப்பின மெயில், அவரோட வேலைய டீம்ல யார் யார் பங்கு போட்டு செஞ்சாங்கனு கூட இருந்த ஒருத்தர் எழுதிக் குடுக்குற ஒரு பக்க லெட்டர், எல்லாம் சேருங்க. ஊர்ல போய் கோயம்புத்தூர்லயோ வேலூர்லயோ வைத்தியம் பாத்திருந்தா அந்த டிஸ்சார்ஜ் சம்மரியும் நீங்களே குடுங்க, அங்கேர்ந்து அவங்களே வரவழைப்பாங்கனு இருக்காதீங்க. இல்லன்னா அந்த மாசங்கள் வைத்தியமே பாக்காம சும்மா இருந்த மாதிரி பைல்ல தெரியும்.

சாட்சியம் எதா இருந்தாலும் ஹியரிங்குக்கு அஞ்சு வேலை நாள் முன்னாடி குடுத்திருக்கணும், இல்ல இன்னது வரப்போகுதுனு எழுதியாவது சொல்லிருக்கணும். ஹியரிங் நோட்டீஸ் 75 நாள் முன்னாடி வரும், அதனால டைம் இருக்குற மாதிரி தெரியும், ஆனா ஆஸ்பத்திரி ரெக்கார்டு டிபார்ட்மென்ட் உங்க அவசரத்துக்கு வேலை பாக்காது. போன்ல ஹியரிங் வைக்கலாம்னு தனியா ஒரு நோட்டீஸ் வரும், உங்களுக்கு அது வேணாம்னா அது வந்த 30 நாளுக்குள்ள ஆட்சேபம் எழுதணும். நான் உங்களுக்கு நேர்லயோ வீடியோலயோ போகச் சொல்வேன். அவர் நடந்து வர்றதும், பதில் தேடுற நேரமும், நடுவுல தண்ணி குடிச்சு சாயுறதும் ஜட்ஜ் பாக்கணும், போன்ல வெறும் தெளிவான இங்கிலீஷ் குரல்தான் கேக்கும்.

ஹியரிங்னதும் கோர்ட் ட்ராமா நினைச்சு பயப்படுறார்னு தெரியுது. சின்ன ரூம், இல்ல உங்க வீட்டு கம்ப்யூட்டர். எதிர் தரப்பு வக்கீல் கிடையாது. ரெக்கார்ட் பண்ணுவாங்க, உண்மை சொல்றேன்னு உறுதி எடுக்கணும், பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள்ள முடியும். ஒரு சாதாரண நாள் எப்படி போகும்னு கண்டிப்பா கேப்பாங்க. இங்கதான் நம்மாளுங்க ரெண்டு பக்கமும் விழறாங்க. ஒண்ணு, ஏதோ ஓடுதுங்க, பசங்கள ஸ்கூல்ல விடுவேன், கொஞ்சம் சமைப்பேன்னு முடிச்சுடுவாங்க. பசங்கள விட்டுட்டு வந்து ரெண்டு மணி நேரம் படுத்தத சொல்ல மாட்டாங்க. சமையல்னா ஸ்டூல்ல உக்காந்து வெங்காயம் நறுக்கினது மட்டும்தான், மிச்சம் நீங்க பாத்தீங்கன்னு சொல்ல மாட்டாங்க. இன்னொண்ணு, யாரோ சொல்லிக் குடுத்து எதுவுமே முடியாதுனு ஒரே அடியா சொல்றது, அது இன்னும் ஆபத்து, பைல்ல எங்கயோ வாக்கிங் போறார்னு ஒரு வரி இருந்தா மொத்த சாட்சியமும் போச்சு. பொங்கல் விழால மேடை பக்கத்துல அவர் சிரிச்சுக்கிட்டு நிக்கிற போட்டோ ஃபேஸ்புக்ல இருக்குனு எழுதிருந்தீங்க. அத அழிக்க வேணாம். கேட்டா உள்ளத சொல்லுங்க, எவ்வளவு நேரம் இருந்தார், எப்போ கிளம்பினார், மறுநாள் முழுக்க எப்படி கெடந்தார். நல்ல நாள் மாசத்துல எத்தன, கெட்ட நாள் எத்தன, கெட்ட நாள்ல பாத்ரூம் போய் வர எவ்வளவு நேரம், அப்படி அளவோட சொன்னா அது உண்மையா கேக்கும், ஏன்னா அது உண்மை. இன்னைலேர்ந்து ஒரு காலண்டர்ல தினம் ஒரு வரி எழுதி வைங்க, அவர் எழுத வேணாம், நீங்க எழுதுங்க.

நீங்களும் சாட்சியா பேசலாம். தமிழ்ல பேசினாதான் சரியா வரும்னா இன்டர்ப்ரட்டர் கேளுங்க, இலவசமா குடுக்கணும், கேஸ் அதனால பலவீனம் ஆகாது. அவருக்கு இங்கிலீஷ் நல்லா வரும்னாலும் களைச்சுப் போனா வார்த்தை வரலன்னு சொல்றீங்க, அவருக்கும் கேட்டு வைக்கலாம். 13 வயசு பையன மொழிபெயர்க்க உக்கார வைக்காதீங்க. அப்பாவால என்னெல்லாம் முடியலனு அந்த குழந்தை வாயால சொல்ல வேணாம்.

லாயர் வெக்கணுமானா, ஆமா, இந்த கட்டத்துல கண்டிப்பா வெக்கணும்ங்கறது என் அபிப்ராயம். லாயர் இல்லாத ரெப்ரசென்டேடிவும் இருக்காங்க, நானும் அந்த வேலைதான் பாக்குறேன், அதனால எனக்கு சார்பு இருக்குனு வெச்சுக்கிட்டே படிங்க. ஜெயிச்சாத்தான் ஃபீஸ். வழக்கமான ஒப்பந்தத்துல, பழைய மாசங்களுக்குச் சேத்து வர வேண்டிய மொத்தப் பணத்துல 25 பர்சன்ட், இல்ல 9,200 டாலர், எது கம்மியோ அது. நவம்பர் 2024 கடைசிலேர்ந்து இந்த உச்சவரம்பு, பெரும்பாலும் சோஷியல் செக்யூரிட்டியே பிடிச்சு குடுத்துடும். ரெக்கார்டு வாங்குற செலவு தனியா இருக்கலாம். முன்பணம் கேட்டாங்கன்னா வேற ஆள பாருங்க. பேசும்போது ரெண்டு கேள்வி கேளுங்க, ஹியரிங்ல என்கூட வரப்போறது நீங்களா வேற யாராவதா, எம்எஸ் கேஸ்ல டாக்டர் ஃபாரம் யார் வாங்குவாங்க, நாங்களா நீங்களா. பதில்லயே ஆள் தெரிஞ்சுடும்.

அந்த ஆபீஸ் இன்சூரன்ஸ் பணம், இதுல நீங்க பயப்படுற எடம் வேற, பயப்பட வேண்டிய எடம் வேற. எஸ்எஸ்டிஐ டினை ஆனதால மட்டும் எல்டிடி, அதாவது அந்த லாங் டெர்ம் டிஸபிலிட்டி பணம் நிக்காது. ஆனா பாலிசிய எடுத்துப் படிங்க, பெரும்பாலான பாலிசில முதல் 24 மாசம் சொந்த வேலைய பண்ண முடியலன்னா போதும், அதுக்கப்புறம் எந்த வேலையும் பண்ண முடியாதுனு காட்டணும், அந்த மாசம் எப்போன்னு பாத்து இப்பவே குறிச்சு வைங்க. நியூரோசைக் ரிப்போர்ட், டாக்டர் ஃபாரம் எல்லாம் அங்கயும் உதவும். அவங்க நிறுத்தினா அந்த லெட்டர் வந்ததுலேர்ந்து 180 நாள் அப்பீலுக்கு. அது வேற சட்டம், கம்பெனி குடுக்குற பெனிஃபிட்டுக்கான எரிசா. அந்த அப்பீல்ல சேக்காத பேப்பர பிற்பாடு ஃபெடரல் கோர்ட்ல சேக்குறது ரொம்ப கஷ்டம், அதனால அப்போ தனியா அந்த சட்டம் தெரிஞ்ச லாயர்கிட்ட போங்க. இன்னொரு விஷயம், எஸ்எஸ்டிஐ ஜெயிச்சு மொத்தமா பணம் வந்தா, அதுல பெரிய பங்க எல்டிடி கம்பெனி திரும்பக் கேக்கும், நாங்க உனக்கு அதிகமா குடுத்துட்டோம்னு. பசங்களுக்கு அவர் கணக்குல வர்ற பணத்தையும் சில பாலிசி கழிச்சுக்கும். அக்கவுண்ட்ல வந்த உடனே கடன அடைச்சுட்டு கைய விரிச்சு நின்ன குடும்பங்கள பாத்திருக்கேன். வந்த பணத்த தொடாம வெச்சு, கணக்க எழுத்துல வாங்கி, ஃபீஸ் போக மிச்சத்துக்குத்தான் கணக்கு போட்டாங்களானு பாத்து, அப்புறம் குடுங்க. அப்படின்னா எஸ்எஸ்டிஐ எதுக்குனு கேக்காதீங்க, எல்டிடி நாளைக்கே நிக்கலாம், இது நிக்கிறது அவ்வளவு சுலபம் இல்ல, மெடிகேர் இதோடதான் வருது, பசங்களுக்கு 18 வயசு வரைக்கும், ஹைஸ்கூல் முடியலன்னா 19 வரைக்கும் இதுல பங்கு இருக்கு.

ஹியரிங்லயும் தோத்துட்டா? அப்பவும் 60 நாள், அப்பீல்ஸ் கவுன்சில், அவங்க ஜட்ஜ் சட்டத்த சரியா பாத்தாரா, ஆதாரத்த விட்டாரானு பாப்பாங்க, அதுக்கும் மேல ஃபெடரல் டிஸ்ட்ரிக்ட் கோர்ட். இப்போ அத நினைச்சு தூக்கத்த கெடுத்துக்க வேணாம். அதவிட நடக்க வாய்ப்பு இருக்குறது வேற ஒண்ணு, ஜட்ஜ் ஹியரிங்ல, ஆரம்ப தேதிய 2024 ஜூன்லேர்ந்து தள்ளி 2025ல ஏதோ ஒரு மாசத்துக்கு மாத்திக்கிறீங்களானு கேக்கலாம். அந்த எடத்துல அவர் பதட்டத்துல சரினுடக்கூடாது. ஒவ்வொரு மாசமும் தள்ளினா பணமும் மெடிகேரும் தள்ளும், சில கேஸ்ல அது நியாயமான பேரம், சில கேஸ்ல இல்ல, ரெப்ரசென்டேடிவோட அஞ்சு நிமிஷம் தனியா பேசணும்னு கேளுங்க, குடுப்பாங்க.

காத்திருக்குற காலத்துல எல்டிடி நின்னு, வாடகை கட்ட முடியாம வீட்ட காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வந்தாலோ, மருந்து வாங்க வழி இல்லாம போனாலோ, அந்த நோட்டீஸ் காப்பியோட ஹியரிங் ஆபீஸுக்கு டயர் நீட்னு (அவசரத் தேவைனு அர்த்தம்) தலைப்பு போட்டு லெட்டர் குடுங்க, முன்னாடி எடுப்பாங்க. வெறும் கஷ்டமா இருக்குனு எழுதினா வேலைக்காகாது, என்ன இல்லாம போச்சுனு தெளிவா எழுதணும், பேப்பரும் கூட இருந்தா பலம்.

எச்ஏ-501 ஆன்லைன்ல போட்டதும் வர்ற கன்ஃபர்மேஷன் பக்கத்த பிரிண்ட் எடுத்து, டினையல் லெட்டரோட பின் பண்ணி வைங்க, கவர தூக்கிப் போடாதீங்க, தபால் முத்திரை தேதி எப்பவாவது தேவைப்படும். ரெண்டு வாரம் கழிச்சு 1-800-772-1213க்கு போன் பண்ணி ரிக்வெஸ்ட் சிஸ்டத்துல ஏறிடுச்சானு கேளுங்க, காலைல சீக்கிரம் பண்ணா லைன் கிடைக்கும். அடுத்த நியூராலஜி அப்பாய்ன்ட்மென்ட்டுக்கு நீங்களும் உள்ள போங்க, அவர் டூயிங் குட்னு ஆரம்பிச்சா, அடுப்பு அணைக்காம விட்டத நீங்க சொல்லுங்க.